'இ' போட்ட வீடு

வீடு கட்டித் தருகிறேன் என்று போனால் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பார்கள்; வீட்டை அளந்துகொள்கிறேன் என்று போனால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். ஜனத்தொகை எடுக்கவோ ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்கவோ போய், அடுத்தவர் வாசலில் காகிதமும் பென்சிலுமாக நின்ற வாத்தியார்மார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நானும் உங்கள் கட்சிதான். என்ன, உங்களை அனுப்பியது சர்க்கார். என்னை அனுப்பியது வெறும் பாடத்திட்டம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் கட்டடக் கலை படித்து முடித்துவிட்டு, டெல்லியில் நகரமைப்பு மேற்படிப்பில் சேர்ந்திருந்தேன். இரண்டாம் வருஷத்தில் ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அதன் பழைய தெருக்களை எப்படிச் சீர்திருத்தலாம் என்று வரைந்து காட்ட வேண்டும். நான் எங்கள் திண்டுக்கல்லை எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பையும் முடித்துவிடலாம் என்கிற அற்ப ஆசையும் அதில் உண்டு.

ஊர் கட்டுகிற படிப்பு

நான் வந்து இறங்கிய மறுநாளே ரெட்டியார்சத்திரத்திலிருந்து மாமா வந்துவிட்டார். அம்மாவின் அண்ணன், கத்தரியும் தக்காளியும் போடுகிற சம்சாரி. எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று அவருக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்ததால் என் படிப்பை விசாரிக்க அவருக்கு உரிமை இருந்தது. வீடு கட்டுவதற்கு ஐந்து வருஷம் படித்தது சரி, அதற்கு மேல் இன்னும் இரண்டு வருஷம் எதற்கு என்றார். தெரு, சந்தை, சாக்கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சேர்த்து ஊரையே அமைக்கிற படிப்பு மாமா என்றேன்.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பெண் பேச்சு அன்றோடு முடிந்துபோனதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஊரு இல்லாத எடத்துல போயில்ல கட்டணும் அப்பு அத. இங்கதான் ஏற்கெனவே ஊரு இருக்கே!"

மாஸ்டர் பிளான்

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் தெருவில் அவருடைய பெயர் தெரிந்தவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி, அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் என் வேலைக்கு வைத்த தலைப்போ 'திண்டுக்கல் மாஸ்டர் பிளான்'. முக்குக் காப்பிக் கடையில் அதைச் சொல்லி வாய் மூடவில்லை, ஊர் அதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது.

இது முழு ஊருக்குமான திட்டம் என்பதற்கு இங்கிலீஷில் சொல்கிற பெயர், அப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். அப்பா அதைக்கூடச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் சிரித்துவிட்டுப் போனார். மகன் டெல்லியில் படிக்கிறான் என்ற பெருமை அவருக்கு. அந்தச் சிரிப்பை நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். கடைக்காரர் என் கிளாசில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டபடி சொன்னார்: "நம்ம மாஸ்டர் போட்ட பிளானா? அப்பக் கணக்குத் தப்பாது."

அளவு எடுக்க வந்தவன்

தெருக்கோடியில் அருளப்பன் வீடு. தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர். நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் விழுந்து நாலைந்து மாதமாகியிருந்தது. மனைவி ஞானம்மாள். ஒரே மகள் செசிலி சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அருளப்பன் படுத்துவிட்ட விஷயம் டெல்லியில் கிடந்த எனக்குத் தெரியாது. தோளில் டேப்பும் கையில் நோட்டுமாகப் போய்க் கதவைத் தட்டினேன். "அளவு எடுக்கணும்" என்றேன்.

ஞானம்மாள் என் முகத்தையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் கிறிஸ்தவத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் ஆள் போவது பெட்டி செய்கிற ஆசாரியிடம்தான். ஆசாரி டேப்போடு வந்து இந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்வார். ஞானம்மாள் குரலைத் தாழ்த்தி, உள்ளே கேட்டுவிடாமல் கேட்டார்: "அவுக இன்னும் இருக்காக தம்பி. ஆரு ஒங்களுக்குச் சொன்னது?"

இ, ப, வி

விவரம் சொன்ன பிறகு உள்ளே விட்டார்கள். அளந்து முடித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அந்தத் தெருவிலேயே யோசித்துக் கட்டின வீடு அது ஒன்றுதான். அருளப்பன் கூடவே நின்று கட்டியிருந்தார். படுத்தபடியே பேசினார். செசிலிக்கு வடமதுரையில் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று, மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் வேலை, கல்யாணமானதும் இந்த வீட்டுக்கே குடிவந்துவிடுவார், அதைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்றார். கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது அந்த வீடு மட்டும்தான்.

அளந்த வீடுகளுக்கு அடையாளம் போட வேண்டும். டெல்லியில் ஏ, பி, சி என்று போடச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழ் ஊருக்கு எதற்கு இங்கிலீஷ் எழுத்து? நல்ல வீட்டுக்கு 'இ', அதாவது இருக்கட்டும். சுமாரான வீட்டுக்கு 'ப', பழுது பார். ரோடு அகலமாக்க எடுக்க வேண்டிய வீட்டுக்கு 'வி', விலக்கு. காவிக்கட்டியால் ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் பெரிதாக எழுதிக்கொண்டே போனேன். அருளப்பன் வீட்டு 'இ'யைக் கொஞ்சம் அழகாகவே எழுதினேன்.

மறுநாள் சந்தில் மண்சுவர் சாய்ந்து நிற்கிற வீட்டுக்காரர் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழத்தோடு வந்தார். அவர் வீட்டுக்கு நான் போட்டிருந்தது 'வி'. 'வி'யை இவர் தன் போக்கில் படித்திருக்கிறார் என்றால் 'இ'யை மற்றவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டு பழத்தைத் தின்றேன். அவர் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்ட விட்டுருன்னு எழுதிட்டீகளே, நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

இரண்டாம் ஞாயிறு

எங்களில் ஒரு கல்யாணம் என்றால் கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். செசிலிக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஏதோ காரியமாக வந்தவர், சுவரில் காவி எழுத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் விசாரித்திருக்கிறார். தெரு முழுக்க ஒரே பதில் சொன்னது. 'இ' என்றால் இடி. மாஸ்டர் பிளான் போட்டுவிட்டார், மகன் டெல்லியிலிருந்து ஆர்டரோடு வந்திருக்கிறான்.

இரண்டாம் ஞாயிறு பங்குச் சாமியார் மற்ற ஓலைகளை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். செசிலியின் பெயர் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் அப்படியே இருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் ஞானம்மாள் என்னிடம் வரவில்லை, அப்பாவிடமும் வரவில்லை. என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எங்க வீடு ஒங்கள என்ன செஞ்சுச்சு மாஸ்டரம்மா?"

வடமதுரை பஸ்

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் வடமதுரைக்குப் போனோம். மாப்பிள்ளையின் தகப்பனார் தோட்டத்தில் இருந்தார், மரியாதையான மனிதர். கை கழுவச் சொல்லி, சோறும் வெஞ்சனமும் வைத்த பிறகுதான் பேச்சையே எடுக்கவிட்டார். இது வெறும் படிப்பு, பரீட்சைக்குப் போடுகிற படம், ஒரு செங்கல்லைக்கூட யாரும் எடுக்கப் போவதில்லை, 'இ' என்றால் இருக்கட்டும் என்று நான் என் நோட்டையே விரித்துக் காட்டினேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கோபமே படவில்லை, பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இலையை மடித்துவிட்டு எழுந்தபடி சொன்னார்: "தம்பி எழுதுனது ஒரு எழுத்து மாஸ்டர். மிச்சத்த ஊரு எழுதிருச்சு. இனிமே அத ஆரு அழிக்கிறது?"

சுண்ணாம்பு

அப்பா அழித்துப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை ஒரு வாளிச் சுண்ணாம்பும் பூசுகிற மட்டையுமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் தரவில்லை. வீடு வீடாக நின்று, "இவன் படிக்கிற பிள்ள, வெளையாட்டா எழுதிட்டான்" என்று சொல்லிச் சொல்லிப் பூசினார். காவி சுண்ணாம்புக்கு மேலே ரோஸ் நிறத்தில் கசிந்தது. 'வி' போட்டிருந்தவர்கள் வழியை மறித்துக்கொண்டு, எங்களுடையது இருந்துவிட்டுப் போகட்டும் மாஸ்டர் என்றார்கள். அதற்குப் பிறகு அப்பாவைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். நான் செய்த தப்புக்கு அவர் தலை குனிந்து நடந்தார்.

கடைசியாக அருளப்பன் வீடு. இரண்டு தரம் பூசினார். பிறகு இருவரும் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னோம். அருளப்பன் பொறுமையாகக் கேட்டார். நான் தேம்பியதைப் பார்த்து என் கையைக்கூடத் தட்டிக்கொடுத்தார். அப்பாவிடம் திரும்பி, "தம்பி நல்ல பிள்ள மாஸ்டர், நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுது. எப்ப இடிப்பாகன்னு மட்டும் சொல்லிருங்க" என்றார்.

பாஸ்

டெல்லிக்குத் திரும்பி வரைந்து முடித்தேன். பரீட்சை அன்று சுவர் முழுக்க என் படங்கள் தொங்கின. அருளப்பன் இறந்துவிட்டார் என்று அப்பா எழுதிய கார்டு முந்தின நாள்தான் வந்திருந்தது. அது என் சட்டைப் பையில் இருந்தது. பேராசிரியர் குச்சியால் ஒவ்வொரு தெருவாகத் தொட்டுக்கொண்டே வந்து தெருக்கோடியில் நிறுத்தினார். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த வீட்டைத் தொடாமல் விட்டிருக்கிறாய் பார், உனக்கு நல்ல கண். இதில் குடியிருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்!"

மனு

பட்டத்தோடு ஊருக்கு வந்து துக்கம் விசாரிக்கப் போனேன். வடமதுரைக்காரர்கள் வேறு இடத்தில் முடித்துவிட்டிருந்தார்கள். செசிலிக்கு அதன் பிறகு வந்த இரண்டு இடமும் பாதியில் நின்ற ஓலையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனதாக அம்மா சொல்லியிருந்தாள். ஞானம்மாள் உள்ளேயே இருந்துகொண்டார். செசிலிதான் நாற்காலி போட்டாள். என்னை மன்னித்துவிடுங்கள் என்று நான் ஆரம்பித்ததைக் காதில் வாங்காதவள் போல உள்ளே போய், நாலாக மடித்த ஒரு முழுத் தாளைக் கொண்டுவந்தாள்.

டீச்சருடைய குண்டு குண்டான எழுத்து. 'மேன்மை தங்கிய மாஸ்டர் பிளான் ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கியிருந்தது. வீடு உறுதியாக இருப்பதாகவும், மகளுக்கென்று வேறொன்றும் சேர்த்துவைக்கவில்லை என்றும், இடிப்பதற்கு முன் ஐயா அவர்கள் தயவுசெய்து ஒரு தரம் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அடியில் அருளப்பனின் கோணலான கையெழுத்து. எனக்குக் கண்ணை மறைத்தது.

அவள் அழவில்லை, நிமிர்ந்து பார்த்துத்தான் பேசினாள்: "அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்படி ஒரு ஆபீசே இல்லன்னு எனக்குத் தெரியும். சொன்னா அவுக நம்பல. கிழிச்சுப் போடவும் எனக்கு ஏலல. யாருக்கு எழுதுனதோ அவுக கிட்டக் குடுத்துர்றேன், வாங்கிக்கங்க."

நான் வரைந்த திட்டத்தால் திண்டுக்கல்லில் ஒரு சந்தும் அகலமாகவில்லை, ஒரு வீடும் இடிபடவில்லை, ஒரே ஒரு கல்யாணம் நின்றது. அதற்கு எனக்கு முதல் வகுப்புக் கொடுத்தார்கள்.