ஜன்னலோர மேசை

அமெரிக்காவின் சார்ல்ஸ்டனுக்கு ஊர் சுற்ற வருகிறவர்கள் எங்கள் பெரிய ஓட்டலில் வரிசைகட்டி நிற்பது எர்னஸ்டீன் அக்காவின் இறாலுக்கும் சோளக்களிக்கும்தான். முப்பத்தொரு வருஷமாகக் கரண்டியை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை.

"யாருக்காவது கத்துக் குடுத்துத் தொலையேன்க்கா" என்பேன், தட்டு கழுவிக்கொண்டே.

"குடுத்தா மறுநாளே என்னை அனுப்பிடுவாங்கடி."

அவள் ஓய்வுபெறும் நாளில் முதலாளி அவளை முதன்முறையாக ஜன்னலோர மேசையில் உட்காரவைத்தார். களி வந்தது. ஒரு வாய் வைத்தாள்.

"எவன் கிண்டினது? ஒரே கட்டி!"

முதலாளி தலையைச் சொறிந்தார். "வெளிய ரெண்டு பஸ் ஆளுங்க வந்து நிக்கிறாங்க, எர்னஸ்டீன். இன்னிக்கு மட்டும்..."

"உக்காந்தது என் தப்புதான்" என்று எழுந்துபோய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு வாய் மட்டும் குறைந்திருந்த அவள் தட்டு, கழுவ என்னிடம் வந்தது.