இளவரசியின் வலது கன்னம்

டிராமில் ஏறினால் டெஸ்ஸி வலதுபக்கச் சன்னலை ஒட்டித்தான் உட்காருவாள். அங்கே வேறு யாராவது இருந்தால், வண்டி காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டேதான் வருவாள். இடது கன்னம் ஊருக்கு, வலது கன்னம் சன்னலுக்கு. கேமராவும் இத்தனை வருஷம் அந்த இடது கன்னத்தைத்தான் பார்த்தது. வலது காதோரம் ஒரு தீத்தழும்பு உண்டு. சிறுவயதில் அக்கா பெர்த்தா ஆத்திரத்தில் இழுத்த சூடு. 'நானே அடுப்புல விழுந்துட்டேன்' என்று அம்மாவிடம் சொல்லி அக்காவைக் காப்பாற்றியவள் டெஸ்ஸி. உண்மை அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது பவுடர்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை அறை. டின் பீன்ஸைச் சுடவைக்கக்கூடச் சோம்பல். இவளைத்தான் நாடே ரஷ்ய 'இளவரசி வேரா' என்று தலையில் வைத்துக் கொண்டாடியது. பிறந்தது என்னவோ இதே அமெரிக்காவில், ஓஹையோ பக்கம் ஒரு நிலக்கரி ஊரில். ரஷ்யாவை ஸ்டுடியோவில் உப்பைக் கொட்டிச் செய்த பனியில் பார்த்ததோடு சரி. பேசாத படத்தில் யார் எந்த ஊர்க்காரியாக இருந்தால் என்ன? படப்பிடிப்பில் ஒருவர் பிடில் வாசித்தால்தான் அவளுக்குக் கண்ணீர் வரும். "இப்ப பிடிலும் இல்ல, அழுகையும் வரமாட்டேங்குது" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். கேட்க வேதனையாக இருக்கும்.

புரட்சிக்காரர்கள் தாயைச் சுட்டுக் கொல்ல, பனியில் தப்பி ஓடிவந்த இளவரசி. ஸ்டுடியோவின் விளம்பர ஆள் ஃபின்ச் கட்டிய கதை அது. அதோடு விட்டானா?

"இளவரசி அமெரிக்கப் பிரஜையாக மனு போடுறா! எல்லாப் பேப்பர்லயும் மொதப் பக்கம், கண்ணு. சும்மா கையத் தூக்கி நாலு வார்த்தை சொல்லு."

சொன்னாள். நிஜமான கோர்ட்டில், கேமராக்காரர்கள் புடைசூழ, தான் ரஷ்யாவில் பிறந்தவள், அமெரிக்கப் பிரஜை அல்ல என்று சத்தியம் செய்தாள். பிறந்த நாட்டைப் போட்டோவுக்காகக் கைகழுவும் புத்தி சினிமாக்காரர்களைத் தவிர யாருக்கு வரும்!

பிறகு படம் பேச ஆரம்பித்தது. இளவரசி வாயைத் திறந்ததும் ஓஹையோ வந்து விழுந்தது. கொட்டகையே சிரித்தது, வேலை போயிற்று. பின்னாலேயே குடியேற்ற அதிகாரிகள் வந்தார்கள். எந்தக் கப்பலில் வந்தாய், யார் அனுமதித்தார்கள்? கப்பலே ஏறவில்லை என்றால் யார் நம்புகிறார்கள்? அவள் பிறப்பை எந்த அலுவலகத்திலும் பதியவில்லை. ஃபின்ச் போன இடம் தெரியவில்லை. இவள் இந்த மண்ணில் பிறந்தவள் என்று யாராவது சாட்சி சொல்லாவிட்டால், கண்ணால் பார்க்காத ரஷ்யாவுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லக்கூடியவள் பெர்த்தா ஒருத்திதான்.

பெர்த்தா ரயிலேறி வந்தாள். விசாரணை அறையில், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இவங்க உங்க தங்கச்சிதானாம்மா?" என்றார் அதிகாரி.

"இந்தம்மாவோட அம்மாவத்தான் ரஷ்யாவுல சுட்டுட்டாங்களே, பத்திரிகையில போட்டிருந்துச்சே! எங்கம்மா அத அடுப்படியில உக்காந்து படிச்சா. 'நான் செத்துட்டேனாடி பெர்த்தா?'ன்னு என்னக் கேட்டா."

"அக்கா, அத நான் எழுதலக்கா..."

"அம்மா நெசமாவே செத்தாளே, அப்பவாவது வந்தியாடி?" பெர்த்தாவின் குரல் உடைந்தது. சட்டென்று சமாளித்துக்கொண்டாள். "இளவரசிக்கு எங்க ஊர்ல என்ன வேலை!"

"ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"இவங்கள எனக்குத் தெரியாது."

டெஸ்ஸிக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. மேசைமேல் இருந்த தம்ளர் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, வலது காதோரத்தை அழுத்தித் துடைத்தாள். பவுடர் குழம்பிக் கழுத்தில் வழிந்தது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, அந்தக் கன்னத்தை அக்காவுக்குக் காட்டினாள்.