சுவரைப் படம் பிடித்துப் போட்ட ருக்மணி அக்கா

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் எங்கள் லாட்ஜுக்கு வந்த ஒரு குடும்பத்துக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ருக்மணி அக்காவின் மகன் போன் செய்தான். "அம்மா நம்மள உட்டுட்டுப் பூட்டாங்க சின்னம்மா" என்றான். சத்தியவேட்டு வீட்டுக்கு உடனே வரச் சொன்னான். நம் தெருவில் லாட்ஜ் நடத்தும் நீங்கள் அத்தனை பேரும் அன்றே சத்தியவேட்டுக்கு வந்துவிட்டீர்கள். அவரோடு போட்டி போட்டவர்கள்தான் அதிகம் அழுதீர்கள்.

அக்காவும் நானும் சத்தியவேட்டுக்காரர்கள். எங்கள் அப்பாக்களுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது, கூலி வேலைதான். நாங்கள் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இந்த லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்தோம். வெயில் காலக் கூட்டத்தில் அறைகள் நிரம்பாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். லாட்ஜ் கைவிட்டுப் போனால் மறுபடியும் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டியதுதான்.

அப்போதுதான் ஜனங்கள் இணையத்தில் அறை பார்த்து வரத் தொடங்கியிருந்தார்கள். அங்கே எல்லா லாட்ஜும் ஒன்றுபோலவே இருந்தன. அதே வெள்ளை விரிப்பு, அதே கோபுரப் படம். எதை நம்புவது என்று தெரியாமல் வாடகை குறைந்ததைப் பிடித்தார்கள். நாமும் ஆளுக்கு ஆள் வாடகையைக் குறைத்து, ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அக்கா எங்கள் லாட்ஜ் அறை ஒன்றின் சன்னலைத் திறந்தார். எதிரே தெரிந்த மொட்டைச் சுவரைப் படம் பிடித்து, அதையே இணையத்தில் முதல் படமாகப் போட்டார். கீழே எழுதினார்: "சன்னலில் சுவர்தான் தெரியும். வெந்நீர் காலையில் மட்டும். அறை சுத்தமாக இருக்கும்."

"நம்ம கடைக்கு நாமளே பூட்டு போட்டுக்கினு கீறோமே அக்கா" என்றேன்.

"வந்து பாத்துட்டு சண்ட போடுறவன் வராமலே போவட்டும் சாந்தி. தெரிஞ்சிக்கினு வர்றவன் போதும்."

முதலாளி ஓடி வந்தார். "ஏம்மா, இதேமிடி?" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், எங்களுக்கு நன்றாக உறைக்க வேண்டுமென்று தமிழுக்கு மாறினார். "செவுத்தக் காட்டி எவனாச்சும் ரூம் உடுவானா?" அக்கா அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, "கூட்டம் முடியட்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் போன் அடிக்கவே இல்லை. பிறகு வேலூரிலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பம், "சொன்னபடியே இருக்கிறது" என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போனது. அதைப் படித்தவர்கள் வந்தார்கள், வந்தவர்களும் எழுதினார்கள். வாடகையைக் குறைக்காமலேயே எல்லா அறையும் நிரம்பியது. கூட்டம் ஓயும் முன்பே முதலாளி தானாக வந்து குத்தகையை நீட்டித்தார். அன்று நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

அதன் பிறகு நீங்களும் தண்ணீர் வரும் நேரம், ரயில் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தீர்கள். வாடகைச் சண்டை அடங்கியது. ஏமாந்து வந்து கத்துகிற குரல் இப்போது நம் தெருவில் கேட்பதில்லை. தெருவையே ஜெயித்தவர் எங்கள் அக்கா, மார்தட்டிச் சொல்வேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கேட்கும் முன்பே குறையைச் சொல்லிவிடும் வழக்கம். அக்காவின் காரியம் முடிந்து லாட்ஜைத் திறந்த அன்று கோவையிலிருந்து ஒருவர் பேசினார். நடக்க முடியாத அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு வருகிறாராம்.

"எங்க கிட்ட லிப்ட் இல்லீங்க. பக்கத்து லாட்ஜுல இருக்குது, அங்க கேளுங்க" என்றேன்.

அவர் வீட்டாரிடம் கேட்டுவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"அம்மாவையும் தொணைக்கு ஒருத்தரையும் அங்க தங்க வெச்சுக்கறோங்க" என்றார். "மீதிப் பேரு பூரா உங்ககிட்டயே வர்றோம்."