கலாவதி மேடம் ஒரு மெயிலையும் விடவில்லை

கலாவதி மேடம் போய்விட்டார். இன்று காலை, திருக்கழுக்குன்றத்தில், வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக் என்று அவர் மகள் போனில் சொன்னாள்.

இரண்டாயிரங்களின் கடைசியில் மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் நான் அக்கவுண்ட்ஸ், அவர் சிஸ்டம்ஸ். கதவில் 'சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட்' என்று போர்டு இருக்கும். உள்ளே அவர் மட்டும் இருப்பார்.

கூடவே மெயில் சர்வர். கடல் காற்றில் துருப்பிடித்து, இரைந்துகொண்டு... கடல் காற்றைக் காட்டித்தான் ரூம் வாடகை வாங்கினோம், அதனால் யாரும் காற்றைக் குறை சொல்வதில்லை.

புது சர்வர் வந்தது. பழைய மெயில் அத்தனையையும் அதில் ஏற்ற நாள்கணக்கில் ஆகும். அதுவரை மெயில் நிற்கும், புக்கிங்கும் நிற்கும். சென்னையிலிருந்து வந்த இன்ஜினீயர் சுலபமாக ஒரு வழி சொன்னார்: எல்லோருடைய டெலீட் ஃபோல்டரையும் காலி செய்யுங்கள், பாதி பாரம் குறையும்.

நியாயம்தான். ஆனால் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர் தனசேகர் சார், ரூம் ஒதுக்கியதும் அந்த மெயிலை டெலீட் செய்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை டெலீட் என்றால் வேலை முடிந்தது. தேவைப்பட்டால் டெலீட் ஃபோல்டரில் போய்த் தேடுவார். வரப்போகும் டிசம்பர் சீசன் முழுவதும் அங்கேதான் இருந்தது.

"இன்னா சார், குப்பைத்தொட்டில குடும்பமே நடத்திக்கினு கீறீங்க?" என்றார் மேடம்.

"அதாம்மா கைக்கு சுளுவா கீது."

ஒரு மெயிலையும் அழிக்கக் கூடாது என்று மேடம் நின்றார். பழையதெல்லாம், டெலீட் ஃபோல்டர்களும் சேர்த்து, இன்டர்நெட் வழியாக ஒரு வெளிக் கம்பெனியின் ஆர்க்கைவுக்கு, அவர்கள் சேமிப்புக் கிடங்குக்கு, போகட்டும். தேடினால் அங்கிருந்து கிடைக்கும். கடைசி சில மாத மெயில் மட்டும் புது சர்வருக்கு, ஒரே நாளில் முடிந்துவிடும். இன்று கிளவுட் என்று எல்லோரும் சொல்வதுதான்.

எம்.டி. யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மெயில் காணாமப் போனாலும் அப்புறம் நீ வேலைக்கு வர வேணாம்மா."

"சரி சார்."

அவ்வளவுதான் பேச்சு.

இருந்தது ஒரே இன்டர்நெட் லைன். கெஸ்ட்டுகள் ரூமில் இருந்து நெட் பார்த்தால் ஆர்க்கைவுக்கு மெயில் ஏறாது. அதனால் டூர் வேன் கேட்டைத் தாண்டியதும் மேடம் ஏற்றத் தொடங்குவார், திரும்பியதும் நிறுத்துவார். ஒருநாள் டிரைவரை மடக்கினார்.

"அண்ணாத்த, இன்னும் கொஞ்சம் சுத்திக் காட்டிட்டு இட்டுனு வாங்களேன்."

"கீறதே அஞ்சு ரதம்மா. ஆறாவதுக்கு நான் எங்க போவேன்?"

"புலிக்குகை கீதே... வெயில் தாழற வரைக்கும் அங்க உக்கார வெய்யுங்க."

அந்தச் சில வாரங்கள் எங்கள் கெஸ்ட்டுகள் ஊரை வெகு முழுமையாகப் பார்த்தார்கள்.

எல்லாம் ஏறி முடிந்து, புது சர்வருக்கு மாற்றும் நாளில் மேடம் பழைய சர்வரை அணைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி போட்டுப் பார்த்தார்... எழவில்லை. துரு தன் வேலையை முடித்திருந்தது.

"பழைய மெயிலு?" என்றார் எம்.டி.

மேடம் தனசேகர் சாரை உட்கார வைத்தார். "தேடுங்க சார்."

அவர் ஆர்க்கைவில் ஒரு கெஸ்ட் பெயரைத் தட்டினார். வந்தது. இன்னொரு பெயர். அதுவும். டிசம்பர் மொத்தமும் வந்தது.

"கீதும்மா!" என்றவர், பழக்கதோஷத்தில் டெலீட்டை அழுத்தினார்.

போகவில்லை. ஆர்க்கைவில் அழிக்கும் அனுமதியை மேடம் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. எம்.டி.க்கும்.

நாளை காலை திருக்கழுக்குன்றத்தில் எடுக்கிறார்கள். பழைய ஸ்டாஃப் வந்துவிடுங்கள். தனசேகர் சார் இப்போதே பஸ் ஏறிவிட்டார்.

போய் வாருங்கள் மேடம்.