ஏழாவது கட்டு

பணிமனையில் அவருக்குச் சலவை என்று பெயர். பஸ் கண்டக்டராக இருந்து, அடுத்தவர் வேர்வையில் ஊறிய நோட்டையே தொட்டுத் தொட்டுச் சலித்துப்போன மனிதருக்கு, மடிப்பு விழாத சலவை நோட்டு என்றால் உயிர். சம்பளத்தன்று மற்றவர்கள் சீட்டாடப் போவார்கள். அவர் பேங்குக்குப் போவார். காகிதப் பட்டை சுற்றி முத்திரை குத்திய புது நோட்டுக் கட்டு ஒன்றை வாங்கி, சட்டைக்குள் பொத்திக்கொண்டு வீடு வருவார். செலவுக்கு அல்ல, சேர்த்து வைக்க.

வீட்டில் தையல் மிஷினே கதியென்று இருந்த அவர் மனைவி அதிகம் பேசமாட்டாள். கண் மட்டும் எதையும் விடாது. கட்டைத் தொடுவதற்கு முன் அவர் முழங்கைவரை சோப்புப் போடுவதைப் பார்த்து ஒருநாள் சொன்னாள்:

“சாப்பாட்டுக்குக்கூட நீங்க இப்படிக் கை கழுவி நான் பார்த்ததில்லைங்க.”

“சாப்பாடு உள்ள போயிடும். இது நம்மகூடவே இருக்கும்மா.”

பட்டை கிழியாத பத்துக் கட்டு, ஒரே எண் வரிசையில் அமைந்தால், நோட்டு சேர்ப்பவர்கள் இரண்டு மடங்கு கொடுத்து வாங்குவார்கள். பேங்க் கேஷியர் அப்படி ஒரு பத்தை அவருக்காக ஒதுக்கி வைத்து, மாதம் ஒன்றாகக் கொடுத்து வந்தார். நடுவில் கேஷியர் லீவில் போக, மாற்றாக வந்த ஆள் ஏழாவது கட்டைப் பெட்ரோல் பங்க் முதலாளிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டான். மற்ற ஒன்பதும் வீடு வந்து சேர்ந்தன.

அவர் ஒவ்வொரு கட்டுக்கும் கண்டக்டர் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து இறுக்கிப் போட்டார். நோட்டு என்றால் ரப்பர் பேண்ட் போடாமல் அந்தக் கைக்கு இருப்புக்கொள்ளாது. அவள் துண்டுத்துணியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பை தைத்து, தூசி போகக்கூடாதென்று வாயையும் தைத்துவிட்டாள். எல்லாம் தகரக் கூரைக்குக் கீழே பீரோவின் மேல்தட்டில் ஏறின.

அப்போதுதான் அவளுக்கு மார்பில் பட்டாணி அளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. கூச்சத்தில் சில வாரம் மறைத்துவிட்டு, பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, சீக்கிரம் அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதைப் பிரிச்சா ஆபரேஷனுக்குச் சரியாப் போயிடும். அப்புறம் மருந்துக்கு எங்க போறது? அந்த ஏழாவது மட்டும் கைக்கு வரட்டும், ரெண்டு மடங்கு ஆயிடும். பெரிய டாக்டர்கிட்டயே காட்டலாம். கொஞ்சம் பொறுத்துக்கறியாம்மா?”

“வலியே இல்லைங்க,” என்றாள். உண்மைதான். வலித்திருந்தால் இருவருமே பயந்திருப்பார்கள்.

அவர் பெட்ரோல் பங்குக்கு நடையாய் நடந்தார். கட்டை இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த முதலாளி பிடிகொடுக்கவில்லை.

“பணம் கொடுத்துப் பணத்தையே வாங்க வந்த ஆளை இப்பத்தான்யா பார்க்கிறேன். இவ்வளவு அலையறேன்னா இதுல என்னமோ இருக்கு. இப்போதைக்குத் தர மாட்டேன் போ.”

மாதங்கள் ஓடின. அவள் தன் ரவிக்கையின் ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்து இளக்கிக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து அதையே மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது. அன்று அவளே வளையலைக் கழற்றி நீட்டினாள்.

“அந்தாளு கேக்கறதைக் கொடுத்து வாங்கிட்டு வந்துடுங்க.”

ஏழாவது கட்டு வந்த மறுநாள், பத்தையும் ஒரு பையில் போட்டு, அவள் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன அண்ணி, சலவையைத் துவைக்க எடுத்துட்டுப் போறீங்களா?”

“விக்கப் போறோம் தம்பி,” என்றாள். அவருக்கு அன்று முகமெல்லாம் பல்.

நோட்டு வியாபாரி மாடியறையில் இருந்தார். முதலில் நீட்டிய ஏழாவது கட்டைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பையொன்றின் தையலை வெட்டி உதறினார். கட்டு விழுந்தது. ரப்பர் பேண்ட் தகரக் கூரையின் சூட்டில் உருகி, பழுப்புப் பிசினாக நோட்டோடு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார், தாளும் கூடவே உரிந்தது. அடுத்த பை, அதற்கடுத்த பை. எல்லாம் ஒரே கோலம்.

“பேங்க் பட்டை இருக்கும்போது ரப்பர் பேண்ட் எதுக்குங்க போட்டீங்க? விளிம்பு பூரா கறை. இந்த ஒண்ணுதான் தேறும். ஒத்தைக் கட்டுக்கு ஒண்ணும் கிடைக்காது. செலவு பண்ணிடுங்க.”

அவருடைய கண்டக்டர் கை காற்றில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. தையல் பிரிந்த துணிப்பைகளை அவள்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா திரைக்குள் அவளைப் பார்த்துவிட்டு வந்து, இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று அவரிடம் கேட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. இனி அறுப்பதில் பயனில்லை, ஊசி மருந்து ஏற்றி முடிந்தவரை தள்ளிப்போடலாம் என்றார்.

பணம் கட்டும் ஜன்னலில் அவர் கட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். அங்கிருந்த பெண் பட்டையைச் சரக்கென்று கிழித்து, எண்ணும் மிஷினில் வைத்தாள். பிசின் ஒட்டி மிஷின் நின்றது.

“புது நோட்டை யாருங்க இப்படிப் பாழாக்கினது?” என்று அலுத்துக்கொண்டு, பஞ்சில் விரலை நனைத்து, கையால் எண்ண ஆரம்பித்தாள். கறை படாத ஏழாவது கட்டும் அந்த ஈர விரலுக்கே போனது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கட்டியது போக மீதியாக ஏழாவது கட்டிலிருந்து சில நோட்டுகள் வெளியே வந்தன. பழக்கத்தில் அவர் அவற்றை நீளவாக்கில் மடித்து, டிக்கெட் காசு போல விரலிடுக்கில் செருகிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

ஐயோ, மடிச்சிட்டீங்களே என்று அவளுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.