அப்பாவின் வண்டி இருமிய காலம்

புலம்பெயர்ந்த நம்மவர் நடத்தும் இதழொன்றில், சென்ற மாதம் என் அண்ணாவின் பழைய பிக்கப் வண்டியைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வெளிவந்தது. தந்தையார் விட்டுச்சென்ற வண்டிக்குத் தாயாரின் விருப்பப்படியே பெரிய இயந்திரம் பூட்டி உயிர்கொடுத்தார் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அண்ணா அவ்வாறே நம்புகிறார். ஆகவே அவர்மீது குறையில்லை. ஆயினும் அம்மா அப்படி விரும்பியதில்லை. விரும்பியவள் நான். அப்போது எனக்கு வயது ஒன்பது. அம்மாவும் இன்று இல்லையாதலால், உண்மையை எழுதிவைக்கும் கடமை என்மேல் விழுந்திருக்கிறது.

அந்த வண்டி இருவரிடம் கைமாறிய பின்னரே அப்பாவிடம் வந்தது. நகரின் பார்க்டேல் பகுதியில் ஒற்றை அறைகளில் நெருங்கி வாழ்ந்த நம்மவர், ஒவ்வொரு குடும்பமாகப் புறநகரான ஸ்காபரோவுக்குக் குடிபெயர்ந்த காலம் அது. அவர்களுடைய மெத்தைகளையும் சோற்றுப் பானைகளையும் சாமிப்படங்களையும் ஏற்றி இறக்கியது அவ்வண்டியே. பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு அதன் புகைக்குழாயை அரித்துவிட்டிருந்தது; இயந்திரமும் தேய்ந்திருந்தது. முடுக்கினால் இருமுறை இருமி, மூன்றாம் முறைதான் உயிர்கொள்ளும். ஓடும்போதும் இடையிடையே இருமும். ஸ்காபரோவின் வோபர்னில் எங்கள் தெருமுனையில் அவ்விருமல் கேட்டதும் அம்மா கேத்திலை அடுப்பில் வைப்பார். அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது தேநீர் மேசைக்கு வந்திருக்கும். அப்பாவுக்கு நீரிழிவு; ஆகவே அவருடைய தேநீரில் சீனி இராது.

எனக்கோ அந்த இருமல் மானக்கேடாக இருந்தது. பள்ளி வாசலில் நான் இறங்கும்போதெல்லாம் வகுப்புப் பையன் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதேபோல இருமிக் காட்டுவான். என்னை இரண்டு தெரு தள்ளி இறக்கிவிடும்படி ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் முதல் இரண்டு தெரு தள்ளியே நிறுத்தினார். அந்தப் பனிக்காலம் முடியுமுன்னரே மாரடைப்பில் போய்விட்டார்.

வண்டி வீட்டு முன்றிலில் பனி மூடிக் கிடந்தது. சனிக்கிழமை காலைகளில் அம்மா அண்ணாவை எழுப்புவார்.

"தம்பி, பற்றறி செத்துப்போகும். ஒருக்கால் ஸ்ரார்ட் பண்ணி, உந்த றோட்டைச் சுத்தியிட்டு வா."

அண்ணா புறப்பட்டதும், கறிமணம் வெளியே போகட்டும் என்று சொல்லி, அந்தக் குளிரிலும் அடுக்களைச் சாளரத்தை ஒரு சாண் திறந்துவைப்பார். அந்நேரத்தில் வெங்காயம்கூட உரிக்கப்பட்டிராது. அண்ணா திரும்பி வரும்போது மேசையில் தேநீர் இருக்கும். தமது உழைப்புக்கான உபசாரம் என்று கருதி, ஒரு மிடறு குடித்ததும் முகத்தைச் சுளிப்பார்.

"அம்மா, இண்டைக்கும் சீனியை மறந்திட்டியள்."

"குடி ராசா. ஒருநாள் சீனியில்லாட்டில் தேய்ஞ்சே போயிடுவாய்?"

ஒவ்வொரு சனியும் இதே உரையாடல்தான். அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது என்று நாங்கள் இருவரும் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. வாகனம் திருத்தும் கடையொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தார். செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அவர், இளவேனில் பிறந்ததும் வண்டியின் துருவை நாட்கணக்கில் சுரண்டினார். நெளிந்த கதவுகளைக் கழற்றி நிமிர்த்தினார். முன்னிருந்த அதே கரும்பச்சையைப் பூசினார். எஞ்சியது இயந்திரம். பழையதைப் பிரித்துச் செப்பனிடலாம்; இருமல் சற்றுக் குறையுமே தவிரப் போகாது. அல்லது, பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடத்தில் அவர் பார்த்துவைத்திருந்த, பந்தய வேகத்தில் இழுக்கவல்ல பேரியந்திரத்தைப் பூட்டலாம். அம்மாவிடம் கேட்டார். "அப்பாவின்ரை சாமான். பாத்துச் செய்" என்றுமட்டும் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். அண்ணா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லடி. பழசோ, புதுசோ?"

"புதுசு. அந்த இருமல் வேண்டாம் அண்ணா."

"அம்மா என்ன நினைப்பா?"

"அம்மாவுக்கும் புதுசுதான் விருப்பம். எனக்குச் சொன்னவா."

அம்மா எனக்கு அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. நான்கு சக்கரங்களின் கீழும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, அண்ணா தேங்காய் உடைத்தார். பின்னர் ஏறி அமர்ந்து முடுக்கினார். இருமல் இல்லை. ஒரே உறுமல், யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடுத்த வீட்டு முதியவர் வெளியே வந்து கைதட்டினார்.

"எப்பிடியம்மா? சிங்கம் எல்லே?"

"ஓம் தம்பி. நல்லாயிருக்கு."

தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. அம்மா உள்ளே போனார். நானும் பின்னே ஓடினேன். வழக்கம்போலச் சாளரத்தை ஒரு சாண் திறந்தார். கேத்திலில் தண்ணீர் நிறைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தெருமுனையில் வண்டி திரும்பிய ஓசை தெரு முழுவதற்கும் கேட்டது. அம்மா கேத்திலை அடுப்பில் வைக்கவில்லை.

"அம்மா, அண்ணா வந்திட்டார்."

"ஓம். தம்பிதான்" என்றார். சாளரத்தைச் சாத்திவிட்டு, அதன் பிறகே கேத்திலை அடுப்பில் வைத்தார்.

அன்று தேநீர் பிந்தித்தான் வந்தது. அண்ணா ஒரு மிடறு குடித்தார்.

"அட, இண்டைக்குத்தான் அம்மாவுக்குச் சீனி ஞாபகம் வந்திருக்கு!"

நான் அவருடைய குவளையைப் பறித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல இனிப்பு. இருவரும் கைகொட்டிச் சிரித்தோம். அதன்பின் எந்தச் சனிக்கிழமையும் அம்மா பற்றறியைப் பற்றிப் பேசவில்லை. இயந்திரத்தோடு பற்றறியும் புதிதாதலால் கவலை நீங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பூசிய நிறத்தையோ, இயந்திரத்தின் ஆற்றலையோ, அது வைகாசியோ ஆனியோ என்பதையோ நான் தவறாக எழுதியிருக்கலாம். அத்தெருவில் வாழ்ந்தோரும் அண்ணாவின் நண்பர்களும் பிழை காணின் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அண்ணாவும் திருத்தலாம். சீனியில்லாத அந்தச் சனிக்கிழமைத் தேநீரெல்லாம் தமக்கென்றே வைக்கப்பட்டது என்று அவர் இன்றுவரை சொல்லிவருகிறார். அதை நான் ஒருநாளும் திருத்தியதில்லை.