கவாத்துக் கத்திக்கு ஒரு தோலுறை

என் மனைவியின் கவாத்துக் கத்தி, ஓடும் பேருந்தில் ஒருவருடைய அரிசிப் பையைக் கிழித்துவிட்டது. பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கூடையில் வைத்திருந்தாள். கத்தியின் வளைந்த நுனி துணியையும் கூடையையும் கடந்து வந்து, பக்கத்து இருக்கைக்காரரின் பையில் கோடு போட்டிருக்கிறது. மடுகரை வரைக்கும் அரிசி பேருந்துக்குள் உருண்டதாம்.

"இன்னொரு தபா இந்தக் கத்திய இப்டி எடுத்துனு வந்தா வண்டில ஏத்த மாட்டேம்மா. அரிசியோட போச்சு. எவன் காலாவது போயிருந்தா இன்னா பண்றது?" என்று கண்டக்டர் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் எனக்குக் குறை தெரியவில்லை. அதை வீட்டில் வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை. அன்று சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது.

கரையாம்புத்தூரில் அவளுக்குத் தாய்வழியில் வந்த மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால்தான் கோடையில் பூ. வேலையாட்கள் இறங்குகிற நேரத்துக்கு வில்லியனூரிலிருந்து போய்ச் சேரும் பேருந்து அது ஒன்றுதான். கத்தியை அங்கேயே மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு வரலாமே என்றேன். முன்பு அப்படி வைத்த கத்தியில் யாரோ தேங்காய் உரித்து முனையை மழுக்கிவிட்டார்களாம். மொட்டைக் கத்தி கிளையை நசுக்கும். நசுங்கிய இடத்தில் செடி அழுகும். ஆகவே கத்தி பயணம் செய்தே தீர வேண்டும். அதற்கு உறை வேண்டும். மேகம் கலைவதற்குள் வேண்டும்.

நான் அரசுப் பண்டகசாலையில் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவன். மாதிரி பார்க்காமல் ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை. வாங்கிய துடைப்பம் பெருக்கியதா என்பது வேறு துறையின் கவலை.

முதலில் கையில் இருப்பதைப் பார்ப்போம் என்று, பணி நிறைவு விழாவில் எனக்குக் கொடுத்த கைப்பெட்டியை எடுத்தேன். அசல் தோல் என்று அன்று மேடையிலேயே அறிவித்தார்கள். மூலையை வெட்டினேன். பளபளப்புக்கு அடியில் கொசுவலை போல ஒரு துணி. வெட்டிய துண்டில் தீக்குச்சி வைத்தேன். தோலென்றால் முடி கருகும் நாற்றம் வரும். இது உருகிச் சொட்டியது.

"ரெக்சினு," என்றாள் மனைவி. "யாரு வாங்கினது?"

"கமிட்டி."

"நீங்க அதுல இல்லியா?"

"விடைபெறுகிறவர் இருக்கக் கூடாது. விதி."

"நல்ல விதி," என்று உள்ளே போய்ச் சிரித்தாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த செருப்பு தைக்கும் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் இரண்டு தோல்களை எடுத்துப் போட்டார். ஒன்று சோபாவுக்குப் போகிற மெல்லிய தோல். மடித்தால் மடிந்தது, தடவினால் வழுக்கியது. மற்றது ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழுப்புத் தோல். அட்டை மாதிரி விறைப்பு.

"கொழந்த கன்னம் மாதிரி கீது பாருங்க சார். இத்தயே எடுத்துக்குங்க," என்று மெல்லியதை நீட்டினார். மனைவியும் அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு கேட்டேன். "மாதிரியா?" என்று அவர் கேட்ட தொனியில் எனக்கு வேலையில் இருந்த காலம் ஞாபகம் வந்தது.

வீட்டில் ரெக்சின், மெல்லிய தோல், பட்டைத் தோல் மூன்றிலும் ஒவ்வொரு புது ஆணியைச் சுற்றி, ஈரக்கையால் தடவி, துணிக்கொடியில் தொங்கவிட்டேன். அடுத்த வீட்டு அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, கண்ணு திருஷ்டிக்கா?"

"ஆமாண்டி. எங்கூட்டுக்காரரு அறிவு மேல ஊரு கண்ணு பட்டுடப் போவுது."

மழை தூறிக்கொண்டிருந்த வாரம் அது. சோதனைக்கு வானமும் ஒத்துழைத்தது. வெயில் வந்ததும் பிரித்தோம். ரெக்சினுக்குள் ஆணி செம்மண் பூசியிருந்தது. குழந்தைக் கன்னத்துக்குள் ஆணி தலை முதல் நுனி வரை துரு. தோல் பதனிட்ட உப்பு தன் வேலையைக் காட்டியிருக்கிறது. பட்டைத் தோலில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது; ஆணியில் பெயருக்குக் கொஞ்சம் கறை. மனைவி அதைப் புடவை முனையால் துடைத்துப் பார்த்து, "சரி, இதையே வாங்குங்க," என்றாள். நாற்பது வருட மணவாழ்க்கையில் முதன்முறையாக என் அறிக்கை ஒன்று திருத்தமில்லாமல் ஏற்கப்பட்டது.

வெட்டிக் கொடுத்தது நான், தைத்தது கடைக்காரர். கூர்முனை நூலை அறுக்காமலிருக்க உறையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில், தையலோரமாக ஒரு தோல்பட்டி. வளைவு நுழைய வாய் அகலம். பிடியைச் சுற்றி இழுத்துப் பூட்ட ஒரு வார். உள்ளே தேன்மெழுகு.

"வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்து, எண்ணெய் தடவி வைக்கணும். எந்தத் தோலிலும் அது குடியிருக்கக் கூடாது," என்றேன்.

"அப்ப அது வாடகைக்குதான் வந்துருக்கு," என்றாள்.

மறுநாள் காலை நானும் நிறுத்தத்துக்குப் போனேன். கண்டக்டர் மறுத்தால் சொல்வதற்கு, தோலின் தன்மை முதல் பயணியின் உரிமை வரை வரிசையாகத் தயார் செய்திருந்தேன். பேருந்து வந்தது. அவர் கூடையிலிருந்த உறையை எடுத்தார், தலைகீழாகப் பிடித்து உதறினார். எதுவும் விழவில்லை. கட்டைவிரலால் நுனியை அழுத்தினார். குத்தவில்லை.

"ஏறும்மா, ஏறு. டயமாச்சு."

விசில் ஊதிவிட்டார். வாயைத் திறந்தபடி நான் நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து நகரும்போது ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. பின்னால் இரண்டு பெண்கள் அவள் தோள்மேல் எட்டி உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்கும் வேணுமாம்!" என்று கத்தினாள். "அந்த ஆணிய எல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க, இவங்களுக்குக் காட்டணும்!"